500 விதை, 410 முளை: இந்த 0.82 எதைப் பற்றிப் பேசுகிறது?

பதிவு 1 · தும்பி

எல்லோருக்கும் வணக்கம். தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புள்ளியியல் தாளில் தேறிவிட்டேன், சூத்திரங்களும் மனப்பாடம். ஆனால் சொந்தமாக எடுத்த தரவோடு உட்கார்ந்தபோதுதான் அடிப்படையே பிடிபடவில்லை என்று புரிந்தது.

செய்தது இவ்வளவுதான். 20 தட்டுகள், தட்டுக்கு 25 விதை, ஆக 500. பத்தாம் நாள் எண்ணினேன், 410 முளைத்திருந்தன. எண்களைக் கணினியில் கொடுத்தேன். முளைப்பு விகிதம் 0.82, 95% நம்பிக்கை இடைவெளி 0.786 முதல் 0.854 என்று வந்தது. விதை உறையில் 85% என்று அச்சிட்டிருக்கிறது. அதோடு ஒப்பிட்டதில் பி-மதிப்பு 0.06.

410 என்பது நான் கண்ணால் பார்த்து எண்ணியது, அதில் ஐயமே இல்லை. அப்படியிருக்க இந்த 0.786, 0.854 எல்லாம் எதைப் பற்றியவை? ஒவ்வொரு விதையும் முளைத்துவிட்டது, இல்லையென்றால் முளைக்கவில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு நிகழ்தகவுக்கு இடம் எங்கே?

இன்னொரு குழப்பமும் உண்டு. நான் படிக்கும் நூலில் ஒரு பக்கத்தில் மாதிரி என்றால் சாம்பிள், அடுத்த பக்கத்தில் மாதிரி என்றால் மாடல். எது எது என்று தடுமாறுகிறேன்.

பதிவு 2 · ஓடக்கோல்

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போது. பள்ளிப் பாடநூல்களில் சாம்பிளுக்கு, அதாவது நாம் எடுத்துப் பார்க்கும் பகுதிக்கு, "கூறு" என்றும், அது எதிலிருந்து வந்ததோ அந்த முழுக் கூட்டமான பாப்புலேஷனுக்கு "முழுமைத்தொகுதி" என்றும் இருக்கும். இந்த இழையில் அதையே வைத்துக்கொள்வோம். மாதிரி என்றால் இங்கே மாடல் மட்டும். மற்றதைப் பெரியவர்கள் வந்து சொல்லட்டும்.

பதிவு 3 · நெடுவழி

தும்பி, நல்ல இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பிப்பவன். இந்தக் கேள்வியைத் தாண்டாமல் சூத்திரத்துக்குள் போனவர்கள் பின்னால் எங்காவது சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஓடக்கோல் சொன்ன பிரிப்பு சரி. ஆனால் "மாதிரி" என்ற சொல்லை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட எனக்கு மனமில்லை. பேச்சில் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? "அவன் அப்பா மாதிரி நடக்கிறான்", "மழை வர்ற மாதிரி இருக்கு". ஒன்று இன்னொன்றாக இல்லை, ஆனால் அதைப் போல் நடந்துகொள்கிறது என்கிறோம். புள்ளியியல் மாதிரி என்பதும் அதே வாக்கியம்தான்: "என் தரவு, இன்ன விதமான குலுக்கலிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது." அந்தக் குலுக்கல் எது என்று துல்லியமாக எழுதி வைத்தால் அதுதான் மாடல்.

உதாரணத்துக்கு ஒரு பழைய தரவு. போர்ட்கீவிச் என்பவர் 1898-இல் வெளியிட்டது. பிரஷ்யப் படையின் 10 பிரிவுகளில், 1875 முதல் 1894 வரை 20 ஆண்டுகளில், குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கை. பிரிவு ஒன்றுக்கு ஆண்டு ஒன்றுக்கு என்று பார்த்தால் 200 பதிவுகள். மொத்த இறப்பு 122, எனவே சராசரி 0.61.

இனி ஒரு மாதிரியை எழுதுகிறோம்: இறப்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், மாறாத ஒரே சராசரி வீதத்தில் நேர்கின்றன. இதன்படி எத்தனை இறப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று சொல்லும் பட்டியல்தான் பாய்சான் பரவல். சராசரியை 0.61 என்று வைத்தால், இறப்பே இல்லாதவை 108.7, ஒன்று 66.3, இரண்டு 20.2, மூன்று 4.1, நான்கு 0.6 என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் எண்ணியவை 109, 65, 22, 3, 1.

நடந்ததைப் பாருங்கள். 200 பதிவுகளையும் 0.61 என்ற ஒரே எண்ணுக்குள் அடக்கிவிட்டோம். குதிரையின் குணம், வீரனின் கவனக்குறைவு, லாயத்தின் அமைப்பு எதுவும் மாதிரிக்குள் இல்லை. ஒவ்வொரு சாவுக்கும் தனியாக ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் அவை குலுக்கலில் விழுந்தவை மாதிரி இருக்கின்றன. "நிகழ்தகவு எங்கே" என்று கேட்டீர்கள். இங்கேதான், தரவு எப்படி உருவாகியிருக்கும் என்று நாம் எழுதும் கதையில். நடந்து முடிந்த விதைக்குள் போய்த் தேடினால் கிடைக்காது.

உங்கள் 500 விதைக்குக் கணினி தானாக ஒரு கதையை எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு விதையும் முளைக்க ஒரே நிகழ்தகவு, ஒரு விதை முளைப்பது இன்னொன்றைப் பாதிக்காது. ஈருறுப்புப் பரவல். அந்த நிகழ்தகவுதான் பண்பளவை, அது நமக்குத் தெரியாது. 410/500 = 0.82 என்பது கூறிலிருந்து கணக்கிட்டது, அது தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பற்றி என்ன சொல்லலாம், எவ்வளவு உறுதியோடு சொல்லலாம் என்பதே அனுமானித்தல். இந்த இரண்டையும் வேறு வேறு பெயரிட்டுப் பிரித்து வைத்தது புள்ளியியலாளர் ஃபிஷரின் 1922 ஆய்வுக்கட்டுரை. அதற்கு முன் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக் குழம்பியவர்களில் பெரிய மேதைகளும் உண்டு.

பதிவு 4 · வெண்பலகை

நெடுவழி சார், ஒரு சந்தேகம். நான் மென்பொருள் துறை. எங்ககிட்ட கூறு எல்லாம் கிடையாது, மொத்தத் தரவும் இருக்கு. கோடிக்கணக்கில் வரிசைகள். அங்கே அனுமானம் எதுக்கு? எண்ணினா போதாதா? தரவு பெருகப் பெருக இந்த இடைவெளி எல்லாம் சுருங்கிப் பூஜ்யமாகிடுமே.

பதிவு 5 · ஓடக்கோல்

வெண்பலகை, நான் கள ஆய்வு செய்பவன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு போன்ற அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கி வென்றார்.

சூத்திரத்தில் போட்டால் 20 லட்சம் பேரின் திட்டப்பிழை (குலுக்கலால் மட்டும் விடையில் வரும் தடுமாற்றத்தின் அளவு) கண்ணுக்கே தெரியாது. ஆனால் முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல், கார்ப் பதிவு போன்றவற்றிலிருந்து. அந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அதிலும் மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் தனி ரகம். எண்ணிக்கை கூடினால் குலுக்கலால் வரும் தடுமாற்றம் குறையும். யார் கூறுக்குள் வந்தார்கள் என்ற கோணல் அப்படியே இருக்கும். பெரிய தரவு அந்தக் கோணலை இன்னும் உறுதியான குரலில் சொல்லும், அவ்வளவுதான்.

உங்கள் கோடி வரிசைகளும் இன்று வரை வந்த பயனர்கள். நாளை வரப்போகிறவர்களைப் பற்றித்தானே முடிவெடுக்கிறீர்கள்? அப்படியானால் கையில் இருப்பது கூறுதான்.

பதிவு 6 · வெண்பலகை

ஆமா, நாளைக்குன்னு யோசிச்சா நீங்க சொல்றது சரி. நேற்று எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்றதுக்கு மட்டும்தான் வெறும் எண்ணிக்கை போதும். இதை நான் பிரிச்சுப் பார்த்ததில்லை.

பதிவு 7 · தும்பி

நெடுவழி ஐயா, மிக்க நன்றி. "கதையில்தான் நிகழ்தகவு" என்ற இடத்தில் ஒரு கதவு திறந்தது. அப்படியானால் 95% இடைவெளி என்பது, உண்மையான நிகழ்தகவு 0.786-க்கும் 0.854-க்கும் நடுவில் இருக்க 95% வாய்ப்பு என்று பொருளா? எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதிவு 8 · நெடுவழி

அப்படிச் சொல்வது இந்த முறையின் பொருள் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் போவோம், இடைவெளி எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் தானே விளங்கும்.

உண்மை நிகழ்தகவு 0.80 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 500 விதை போட்டால் சராசரியாக 400 முளைக்கும், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய 9. எனவே இருபுறமும் அதன் இரண்டு மடங்கு, அதாவது 382 முதல் 418 வரை எது வந்தாலும் வியப்பில்லை. நீங்கள் கண்ட 410 அதற்குள் இருக்கிறது. 0.80 நிற்கிறது.

0.75 என்று வைத்தால்? எதிர்பார்ப்பு 375, திட்ட விலக்கம் 9.7. 410 என்பது 3.6 திட்ட விலக்கத் தொலைவில் கிடக்கிறது. 0.75-ஐ நம்பவேண்டுமானால் மிக அரிய ஒன்று நமக்கு நடந்தது என்றும் சேர்த்து நம்பவேண்டும். ஆகவே அது போகட்டும்.

இப்படி ஒவ்வொரு மதிப்பாக எடுத்து, "இது உண்மையானால் 410 வியப்பா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். வியப்பில்லை என்று மிஞ்சும் மதிப்புகளின் வரிசைதான் ஏறக்குறைய உங்கள் நம்பிக்கை இடைவெளி.

95% என்பது எங்கே வருகிறது? வியப்புக்கான கோட்டை எங்கே போட்டோம் என்பதில். இதே சோதனையை ஆயிரம் பேர் தனித்தனியாகச் செய்து, ஆளுக்கு ஓர் இடைவெளி போட்டால், சுமார் 950 பேரின் இடைவெளி உண்மை மதிப்பைப் பிடித்திருக்கும். 95% என்பது முறையின் குணம். புள்ளியியலாளர் நெய்மன் 1937-இல் இதை வகுத்தபோதே அப்படித்தான் வைத்தார். உண்மை மதிப்பு நகராது; ஒவ்வொரு முறையும் இடம் மாறி விழுவது இடைவெளி. உங்கள் இடைவெளி அந்த 950-இல் ஒன்றா, மீதி 50-இல் ஒன்றா என்பதை அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம், எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. எந்த மதிப்பு என் தரவை எவ்வளவு நன்றாக விளக்குகிறது என்று நேரடியாக ஒப்பிடுவது. லைக்லிஹூட் என்பார்கள். 0.82 என்ற மதிப்பு, 0.80-ஐ விட உங்கள் 410-ஐ 1.9 மடங்கு நன்றாக விளக்குகிறது. பெரிய வித்தியாசமில்லை. 0.75-ஐ விட ஏறக்குறைய 1,100 மடங்கு நன்றாக விளக்குகிறது. இந்த 1,100-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

பதிவு 9 · கார்முகில்

நெடுவழி அண்ணா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தும்பி கேட்டது நியாயமான கேள்வி, அதை அப்படியே கேட்கவும் வழி இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

"உண்மை மதிப்பு இந்த எல்லைக்குள் இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்கவேண்டுமானால், தரவைப் பார்ப்பதற்கு முன் அந்த மதிப்பைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்பதையும் மாதிரிக்குள் எழுதவேண்டும். அது முன்-பரவல். தரவு வந்ததும் அது பின்-பரவலாக மாறுகிறது. பேயஸ் எழுதிய கட்டுரையை, அவர் இறந்தபின் 1763-இல் ரிச்சர்ட் பிரைஸ் வெளியிட்டார். பிறகு லாப்லாஸ் இதைப் பெரிதாக வளர்த்தார்.

முன்னால் ஒன்றுமே தெரியாது, 0 முதல் 1 வரை எல்லா மதிப்புக்கும் சம இடம் என்று வைத்தால், 410-ஐப் பார்த்தபின் 95% நிகழ்தகவுள்ள எல்லை ஏறக்குறைய 0.78 முதல் 0.85. எண் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே "95% வாய்ப்பு" என்று வாய்விட்டுச் சொல்லலாம். அதற்குக் கொடுக்கும் விலை, முன்-பரவலை நீங்கள் எழுதி, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பொறுப்பேற்கவேண்டும். அதை நான் விலையாகவே நினைப்பதில்லை. மறைத்து வைத்த ஊகத்தைவிட எழுதி வைத்த ஊகம் மேல்.

500 விதை இருக்கும்போது முன்-பரவலின் பங்கு சிறியது. 8 விதைதான் என்றால் அதுவே முடிவைத் தீர்மானித்துவிடும்.

பதிவு 10 · நெடுவழி

கார்முகில் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். இரண்டும் இரண்டு கேள்விகள். எந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று தெரிந்து விடையைப் படித்தால் போதும்.

பதிவு 11 · தும்பி

பி-மதிப்பு 0.06 பற்றியும் சொல்லுங்கள் ஐயா. ஆய்வகத்தில் ஒருவர் "0.05-ஐத் தாண்டிவிட்டதால் உறை சொல்வது சரி" என்றார். இன்னொருவர் "உறை பொய் சொல்ல 94% வாய்ப்பு" என்றார்.

பதிவு 12 · நெடுவழி

இருவர் சொன்னதும் தவறு, இரண்டும் வேறு வேறு வகையில்.

0.85 உண்மையானால் 425 முளைக்கவேண்டும், திட்ட விலக்கம் 8. நீங்கள் கண்டது 15 குறைவு, கிட்டத்தட்ட 1.9 திட்ட விலக்கம். 0.85 உண்மை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிட அதிகமோ விலகிப்போக நிகழ்தகவு 0.06. அந்த "உண்மை என்று வைத்துக்கொண்டால்" என்பதை உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவதால்தான் "94% பொய்" என்ற வாக்கியம் பிறக்கிறது. கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட்டது, அவ்வளவு பரவிய பிழை இது.

முதலாமவர் சொன்னது: 0.05-ஐத் தாண்டினால் "நிராகரிக்கப் போதிய சான்று இல்லை" என்றுதான் ஆகும். "சரி என்று நிரூபணம்" ஆகாது. உங்கள் இடைவெளியில் 0.85 இருக்கிறது, 0.80-உம் இருக்கிறது. இரண்டையும் உங்கள் தரவு வெளியேற்றவில்லை. இருபதில் ஒன்று என்ற கோடு ஃபிஷரின் 1925 நூலிலிருந்து பரவியது, வசதிக்காக வைத்த அளவு. அது இயற்கை விதியல்ல.

நீங்கள் தாவரவியல் என்பதால் ஒன்று சொல்கிறேன். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. மொத்தம் 7,324. நான்கில் மூன்று என்ற மாதிரிப்படி 5,493 உருண்டை வரவேண்டும், திட்ட விலக்கம் 37. விலகல் 19 மட்டுமே. மாதிரி அழகாகப் பொருந்துகிறது.

ஆனால் ஃபிஷர் 1936-இல் மெண்டலின் எல்லாச் சோதனைகளையும் ஒருசேர எடுத்து, இன்னொரு கேள்வி கேட்டார். உண்மையான குலுக்கல் என்றால் இவ்வளவு நெருக்கமாகத் தொடர்ந்து பொருந்துமா? மாதிரி முழுக்க உண்மையாக இருந்தால்கூட தரவு இன்னும் தடுமாறியிருக்கவேண்டும் என்று கண்டார். அதற்குக் காரணம் என்ன என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. மெண்டலின் விதியோ நிலைத்து நின்றது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: ஒரு மாதிரி சராசரியை மட்டும் சொல்வதில்லை, எவ்வளவு தடுமாற்றம் இயல்பு என்பதையும் சொல்கிறது. தடுமாற்றம் கூடினாலும் குறைந்தாலும் கேள்வி எழவேண்டும்.

பதிவு 13 · ஆடிப்பாவை

இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஒரு வரி சேர்க்கலாமா? 1879-இல் மைக்கேல்சன் ஒளியின் வேகத்தை மிகுந்த அக்கறையோடு அளந்தார். திருத்தங்களுக்குப் பின் அவர் தந்த மதிப்பு நொடிக்கு 299,910 கிலோமீட்டர், கூட்டல் கழித்தல் 50. இன்று நாம் வைத்திருக்கும் மதிப்பு 299,792.458. அவருடைய எல்லைக்குள் அது இல்லை, 118 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அவ்வளவு தேர்ந்த கை அளந்த பிறகும் கருவியிலும் முறையிலும் ஏதோ ஒன்று ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, அந்த ± 50-க்குள் அது முழுதாக அடங்கவில்லை. எங்கள் மாணவர்களிடம் நான் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். கூட்டல் கழித்தலுக்குப் பின் வரும் எண், மாதிரிக்குள் நின்று பேசுகிறது. மாதிரி விட்டுவிட்டதை அது எப்படிச் சொல்லும்?

பதிவு 14 · நெடுவழி

இதற்காகத்தான் காத்திருந்தேன் ஆடிப்பாவை, நன்றி. தும்பி, 410 என்ற மொத்தத்தை மட்டும் தந்தீர்கள். 20 தட்டுகளின் தனித்தனி எண்ணிக்கை வேண்டும். கணினி எடுத்துக்கொண்ட கதையில் "ஒரு விதை இன்னொன்றைப் பாதிக்காது, எல்லாவற்றுக்கும் ஒரே நிகழ்தகவு" என்று இருந்ததே, ஒரே தட்டில் ஒரே ஈரத்தில் கிடக்கும் 25 விதைகளுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும்.

பதிவு 15 · தும்பி

இதோ ஐயா, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கிறேன்: 25, 24, 24, 24, 23, 23, 23, 23, 22, 22, 22, 21, 21, 20, 19, 18, 17, 15, 13, 11.

பதிவு 16 · கார்முகில்

நானே போட்டுப் பார்த்துவிட்டேன். தட்டின் சராசரி 20.5. ஈருறுப்பு மாதிரிப்படி தட்டுக்குத் தட்டு மாறுபாட்டு அளவை (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 3.69 இருக்கவேண்டும். தும்பியின் தட்டுகளில் 15.1. நான்கு மடங்கு!

அதாவது 500 தனித்தனிச் சாட்சிகள் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டது. உண்மையில் இருப்பவை 20 தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரே பக்கம் பேசும் 25 பேர். மாறுபாடு நான்கு மடங்கு என்றால் திட்டப்பிழை இரண்டு மடங்கு.

தட்டையே அலகாக வைத்து மறுபடி போட்டால் (20 தட்டுதான், எனவே திட்டப்பிழையைப் பெருக்க வழக்கமான 1.96-க்குப் பதில் ஸ்டூடன்ட் டி-பரவலின் 2.09) இடைவெளி 0.747 முதல் 0.893. 85 விழுக்காட்டோடு ஒப்பிட்ட பி-மதிப்பு 0.06-லிருந்து 0.40-க்குப் போய்விட்டது. நெடுவழி அண்ணா நினைவில் வைக்கச் சொன்ன 1,100 மடங்கும், மாறுபாட்டுக்கு ஏற்பத் தளர்த்தினால், ஏறக்குறைய ஐந்தரை மடங்குதான்.

பதிவு 17 · வெண்பலகை

ஒரு எண்கூட மாறலை, 410 அப்படியே 410. கதையை மாத்தினதும் 1,100 ஐந்தரை ஆகிடுச்சு. எங்க தரவுலயும் ஒரே பயனர் நூறு வரிசைக்கு வர்றார். நாளைக்கு முதல் வேலையா அதைத் திரும்பப் பார்க்கணும்.

பதிவு 18 · தும்பி

அடுக்கி எழுதியபோதுதான் எனக்கும் ஒன்று தெரிந்தது. கடைசி மூன்றும், 15, 13, 11, அலமாரியின் ஒரே ஓரத்தில் இருந்த தட்டுகள். குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த ஓரத்தில் காற்று நேராகப் பட்டு மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நான்காம் நாள் நானே எழுதியிருக்கிறேன்.

அந்த மூன்றையும் நீக்கிவிட்டால் 425-க்கு 371, அதாவது 0.873. உறை சொல்வதைவிடக் கூடவே வருகிறது. நீக்கலாமா?

பதிவு 19 · ஆடிப்பாவை

அவசரப்படவேண்டாம் தும்பி. எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதில் உயிர்கள் போயிருக்கின்றன. 1986 ஜனவரி 28, ஏவிய சற்று நேரத்தில் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலம். குளிரில் ரப்பர் வளையங்கள் பழுதாகுமா என்று முந்தைய நாள் பேசினார்கள். பழுது கண்ட முந்தைய பயணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பழுதே இல்லாத பயணங்களையும் சேர்த்தால் படமே வேறு. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் ஏவிய 20 பயணங்களில் மூன்றில்தான் பழுது. அதற்குக் கீழே ஏவிய நான்கிலும் பழுது. பிறகு அமைந்த விசாரணைக் குழு இதைச் சுட்டிக்காட்டியது. எழுவர் இறந்தார்கள்.

பதிவு 20 · நெடுவழி

முடிவைப் பார்த்தபின் தரவை நீக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த மூன்று தட்டுகளும் குறைவாக இருந்ததால்தான் உங்கள் கண் அங்கே போனது. அதே ஓரத்தில் நன்றாக முளைத்த தட்டு ஏதாவது இருந்தால் அதையும் நீக்கவேண்டும் என்று தோன்றியிருக்குமா?

உங்கள் நான்காம் நாள் குறிப்பு மதிப்புள்ளது, எண்ணுவதற்கு முன் எழுதியது. எனவே அறிக்கையில் இப்படி எழுதுங்கள்: எல்லாத் தட்டும் சேர்த்து 0.82, இடைவெளி 0.747 முதல் 0.893. ஓரத்தில் மண் காய்ந்தது, அந்தத் தட்டுகள் இல்லாமல் 0.873. இரண்டும் வாசகர் கண்ணில் படட்டும்.

கூடவே, எதைத் தெரிந்துகொள்ள விரும்பினீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஈரத்தில் இந்த விதை எவ்வளவு முளைக்கும் என்பதா, உங்கள் அலமாரி போன்ற இடத்தில் எவ்வளவு முளைக்கும் என்பதா? பண்பளவையே இரண்டிலும் வேறு.

மறுபடி செய்ய முடிந்தால் இரண்டு மாற்றங்கள். எந்தத் தட்டு எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தபோது ஃபிஷர் வலியுறுத்தியது இதைத்தான். குலுக்கலை நாமே நடத்தினால், மாதிரியில் உள்ள குலுக்கலுக்குக் கொஞ்சமாவது நாமே சாட்சி. இரண்டாவது, விதைகளின் எண்ணிக்கையை உயர்த்தாதீர்கள், தட்டுகளின் எண்ணிக்கையை உயர்த்துங்கள். தட்டுக்கு 10 விதை, 50 தட்டுகள். அதே 500 விதைதான். தட்டுக்குள் விதைகள் ஒன்றுபோல் நடப்பது இப்போதுள்ள அளவிலேயே இருந்தால், கூட்டல் கழித்தல் 0.07-லிருந்து 0.05-க்கு இறங்கும்.

பதிவு 21 · ஓடக்கோல்

கள ஆய்விலும் இதே கணக்குத்தான். ஒரே தெருவில் நூறு வீடு கேட்பதைவிட, இருபது தெருவில் ஐந்து ஐந்து வீடு. கால் வலிக்கும், ஆனால் தகவல் கூடும்.

பதிவு 22 · தும்பி

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன், மறுபடி செய்யச் சம்மதித்தார். அறிக்கையில் இரண்டு எண்களையும் போட்டிருக்கிறேன். 50 சீட்டு எழுதி மடித்து வைத்திருக்கிறேன். சீட்டைக் குலுக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டேன்: தட்டே அலகு, மண் காய்ந்த தட்டு என்றால் எது, எந்த நாளில் யார் பார்த்து முடிவு செய்வது என்று. திங்கட்கிழமை விதைக்கிறேன். பத்தாம் நாள் 50 எண்களோடு இங்கேயே வருகிறேன்.